கெண்டைக்கால் பெருத்திருக்கு: சதையா, கொழுப்பா, நீரா? குறைக்க என்ன வழி?

#1 | கொலுசு_27

விவரத்தை முதல்லயே தந்துடறேன். வயது 27, உயரம் 158 செ.மீ., எடை 63 கிலோ. கெண்டைக்கால் சுற்றளவு ரெண்டு பக்கமும் 39 செ.மீ. வாரம் 4 நாள் பரதம், 2 நாள் ஸ்கிப்பிங் 1000 எண்ணிக்கை, ஆபீசுக்கு 2 அங்குல ஹீல்ஸ். நுனிக்காலில் நின்றால் உருண்டை நல்லாவே தெரியுது, அதனால இது முழுக்கச் சதைதான். மூணு கேள்வி: எதை நிறுத்தணும்? எந்த ஸ்ட்ரெச் செய்தால் சதை நீண்டு மெலிசாகும்? கொரியாவில் போடற ஊசியை இங்கே போட்டுக்கலாமா?

#2 | தசைநாண்

"முழுக்கச் சதைதான்" என்பதை அளந்து பார்க்காமல் முடிவு கட்டாதீங்க. நுனிக்காலில் நின்றால் யாருக்குமே உருண்டை தெரியும். மேலே இருக்கிற இரட்டைத் தலைச் சதை சுருங்கி மேலே ஏறும்போது அப்படித்தான் தெரியும்.

ஒரு ஸ்டூலில் பாதத்தை வையுங்க. முழங்கால் செங்கோணமாக மடங்கியிருக்கணும், கெண்டை தொளதொளவென்று இருக்கணும். மிகப் பருமனான இடத்தில், காலின் உள்பக்கம், தோலை நெடுக்குவாக்கில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்குங்க. பிடித்தபடியே குதிகாலை லேசாகத் தூக்கிப் பாருங்க. பிடியிலிருந்து ஏதாவது நழுவினால் சதையும் சேர்ந்து வந்திருக்கு, விட்டுட்டு மறுபடி கிள்ளுங்க. மடிப்பின் கனத்தை ஸ்கின்ஃபோல்ட் காலிப்பரில் அளக்கணும். பிளாஸ்டிக் காலிப்பரே போதும். பட்டறை வெர்னியர் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் அழுத்தம் மாறும். வைத்து 2 விநாடி கழித்துப் படியுங்க. மூன்று முறை எடுத்து நடு எண்ணைச் சொல்லுங்க.

சுற்றளவை டேப்பில் எடுக்கும்போது கவனம்: காலையில் எழுந்த கையோடு, இரண்டு காலிலும் எடை சமமாக இருக்க, நின்றபடி. டேப் தோலைத் தொடணும், அழுத்தக் கூடாது. தரையிலிருந்து அந்த இடம் எத்தனை செ.மீ. உயரம் என்று குறித்துக்கொள்ளுங்க. 2 செ.மீ. மேலே கீழே போனாலே கணக்கு உதைக்கும்.

#3 | கொலுசு_27

மடிப்பு 22, 23, 22 மி.மீ. சுற்றளவு காலையில் 39, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் 39.8.

#4 | தசைநாண்

அப்போ கணக்கு இப்படி வரும். கிள்ளினால் தோலும் கொழுப்பும் இரண்டு மடங்காகக் கையில் வரும். அதனால் சுற்றளவிலிருந்து மடிப்பின் 3.14 மடங்கைக் கழித்தால், கொழுப்பு நீங்கலான சுற்றளவு கிடைக்கும். 39 கழித்தல் (3.14 × 2.2) என்றால் ஏறக்குறைய 32 செ.மீ. வெட்டுமுகத்தை வட்டமாக வைத்துப் பார்த்தால் உங்க கெண்டைக்காலில் மூன்றில் ஒரு பங்கு தோலும் கொழுப்பும். உள்பக்கம் கொழுப்பு கனமாகவும் வெளிப்பக்கம் மெலிதாகவும் இருக்கும் என்பதால் இந்தக் கணக்கு கொழுப்பைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தாலும், 32ஐ ஒட்டிய சதை பெருத்த சதை இல்லை.

இதில் நல்ல செய்தியும் இருக்கு. மடிப்பு 22 மி.மீ.யிலிருந்து 16க்கு வந்தால் சதையில் கை வைக்காமலே சுற்றளவு 1.9 செ.மீ. குறையும். 39 என்பது 37 ஆகும்.

வேறு ஒருவருக்கு 39 செ.மீ., மடிப்பு 8 மி.மீ. என்று வந்தால் சதைச் சுற்றளவு 36.5. அவருக்குச் சொல்ல வேண்டியது முற்றிலும் வேறு. டேப் எண் ஒன்றாக இருந்தாலும் கால் ஒன்றல்ல.

இன்னொன்று: சதை எங்கே முடிந்து குதிகால் நாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறப்பிலேயே அமைந்தது. நாண் குட்டையாக, சதை கணுக்கால் பக்கம் வரை இறங்கியிருந்தால் கால் உருளையாகத் தெரியும். நாண் நீளமாக இருந்தால் அதே சதை மேலே குவிந்து, கீழே கால் ஒல்லியாகத் தெரியும். எந்தப் பயிற்சியும் இதை மாற்றாது.

#5 | இரும்புச்சட்டி

நான் சொல்ல வந்ததை அளவுநாடாவே சொல்லிடுச்சு. கெண்டைக்குன்னு தனியா கொழுப்பு எரிக்கிற பயிற்சி எதுவும் கிடையாது. உடம்பு முழுக்கக் குறையணும், கால் தன் முறை வரும்போதுதான் குறையும். பெண்களுக்கு இடுப்பு, தொடை, கால் எல்லாம் பெரும்பாலும் கடைசி வரிசை. முகமும் தோளும் வாடின அப்புறம்தான் கால்ல தெரியும். நாலாவது வாரத்துல "ஒண்ணுமே ஆகல"ன்னு விடற ஆளுங்க இங்கதான் விடறாங்க.

சாப்பாட்டுல நாளைக்கு 300–500 கலோரி குறைங்க, அதுக்கு மேல வேண்டாம். புரதத்தைக் குறைச்சா கெண்டை சுருங்கும்னு ஒரு கூட்டம் சுத்துது. சுருங்கறது கெண்டை இல்ல, தொடையும் புட்டமும். கெண்டைதான் தினம் நடையால வேலை வாங்கப்படுதே, அது கடைசியாத்தான் இளைக்கும். கிலோவுக்கு 1.2–1.6 கிராம்னு பிடிச்சா உங்களுக்கு 75–100 கிராம். இட்லி சாம்பார்லயே இது வந்துடும்னு நினைக்காதீங்க. ரெண்டு முட்டை 12 கிராம்தான்.

அடுத்து "டோனிங்". லேசான வெயிட், 30 தடவை, சதை ஏறாது, டோன் ஆகும்னு சொல்றது தப்பு. லேசான வெயிட்டையும் "இனி ஒண்ணு கூட முடியாது"ங்கற வரைக்கும் இழுத்தா சதை ஏறும். எத்தனை தடவைங்கறதை விட, முடியாத எல்லைக்கு எவ்வளவு கிட்டப் போறீங்கங்கறதுதான் சேதி. அதனால குதிகால் தூக்கற பயிற்சியை அடியோட விடாதீங்க, எல்லைக்குப் போகாதீங்க. வாரம் ஒரு தடவை, 2 செட், 12–15. இன்னும் ஏழெட்டு முடியும்ங்கற இடத்துல நிறுத்திடுங்க. நாண் பலமா இருக்க அது வேணும்.

மீதி நேரத்தைப் பின்தொடைக்கும் புட்டத்துக்கும் கொடுங்க: ஹிப் த்ரஸ்ட், ருமேனியன் டெட்லிஃப்ட், லெக் கர்ல். லெக் கர்ல்ல ஒரு நுணுக்கம் இருக்கு. கெண்டையோட மேல்சதை முழங்காலையும் தாண்டிப் போகுது, அதனால கால மடக்கும்போது அதுவும் கூட இழுக்கும். பாதத்தை நீட்டி விரலைக் கூராக்கி வச்சா அந்தச் சதை குறுகிப்போய் பலம் இழந்துடும், பாரம் பின்தொடைக்குப் போகும். பாதத்தை முகத்தைப் பாக்க மடக்கி வச்சா கெண்டைதான் வேலை செய்யும். ஜிம்ல முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்யறாங்க.

#6 | சாரல்

ட்ரெட்மில்லில் 12 இன்க்ளைன் வைத்து நடந்தால் கால் மெலியும் என்று எல்லா ரீல்ஸிலும் வருகிறதே?

#7 | இரும்புச்சட்டி

கலோரி எரியும், உண்மை. ஆனா ஏத்தத்துல ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் ஆழமா மடங்கி, அங்கிருந்து உடம்பைத் தள்ளி ஏத்தறது கெண்டை. சதை பெருத்தவங்களுக்கு அது வேண்டாம். சமதரையில 45 நிமிஷம், நிமிஷத்துக்கு 100–120 அடி. அதே கணக்குல 1000 ஸ்கிப்பிங்னா 1000 தடவை நுனிக்கால் துள்ளல். இந்த இழையைத் தொடங்கினவருக்குக் கொழுப்புதான் பிரச்சினைன்னாலும், பரதத்துக்கு மேல இது கூடுதல் பாரம். அந்த ரெண்டு நாளையும் நடைக்கோ நீச்சலுக்கோ மாத்திடுங்க.

படி ஏறும்போது பாதி பாதத்தை வெளிய தொங்க விடாம முழுப் பாதத்தையும் படியில வச்சு, குதிகாலால அமுக்கி ஏறுங்க. பாரம் புட்டத்துக்கு ஏறிடும்.

#8 | வடமராட்சி_ஓட்டம்

ஓடுற ஆக்களுக்கு ஒரு சொல். ஆடுசதை பெருக்குது எண்டு ஓட்டத்தை விட வேண்டாம், கால் எப்பிடி விழுது எண்டு ஒருக்கா பாருங்கோ. முன்பாதத்தில விழுந்து ஓடினால் பாரம் ஆடுசதைக்கும் குதி நாணுக்கும் போகும். குதியில விழுந்தால் முழங்காலுக்குக் கூடப் போகும். ரெண்டிலும் பாரம் காணாமல் போகாது, இடம்தான் மாறும். முழங்கால் நோ இருக்கிற ஆள் ஆடுசதையைக் காப்பாத்த வெளிக்கிட்டு முழங்காலைக் கெடுத்துப்போடக் கூடாது.

சப்பாத்தும் முக்கியம். குதிக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் இல்லாத தட்டைச் சப்பாத்து ஆடுசதையைக் கூட வேலை வாங்கும். 8–10 மி.மீ. குதி உயரம் உள்ளது கொஞ்சம் ஆறுதல் குடுக்கும். மேடு ஏறி ஓடுறது, குறுந்தூர வேக ஓட்டம் ரெண்டையும் குறைச்சு, சமதரையில மெதுவான நெடுந்தூரம் ஓடினால் காணும். நெடுந்தூரம் ஓடுற ஆக்களின்ர காலைப் பாருங்கோ, நல்ல மெலிவு. ஆனா அது ஓடினதால மட்டும் வந்தது இல்லை. அப்பிடிக் கால் உள்ள ஆக்கள்தான் அந்த ஓட்டத்தில முன்னுக்கு வருகினம், ஏனெண்டால் கீழ்க்காலில பாரம் குறைஞ்சால் ஒவ்வொரு அடிக்கும் செலவு குறையும்.

#9 | மிதிவண்டி_மாணிக்கம்

சைக்கிளுக்கு ரெண்டே வரி. சீட் உயரமா இருந்தா பெடல் கீழே போகும்போது விரலை நீட்டி எட்டிப் பிடிப்பீங்க, கெண்டை ஓயவே ஓயாது. குதிகாலைப் பெடல்ல வச்சு, பெடல் அடிமட்டத்துல இருக்கும்போது கால் நேரா நீளற உயரத்துக்கு சீட்டை வையுங்க. அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தால மிதிச்சா முழங்கால் லேசா மடங்கி நிற்கும், அதுதான் சரி.

#10 | அரைமண்டி

கேட்டவர் பரதம் ஆடுகிறவர் என்பதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். வாரம் 4 நாள் அங்கேதான் போகிறது, அதனால் அதைப் பேசுவோம்.

எல்லா அடவும் (பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவு) கெண்டையை ஒரே மாதிரி பிடிப்பதில்லை. தட்டடவில் பாதத்தைத் தூக்குவது பின்தொடை. முழுப் பாதம் தட்டையாக விழுகிறது, கெண்டைக்கு அதிக வேலை இல்லை. நாட்டடவிலும் குதிகால்தான் தரையில் ஊன்றுகிறது. கெண்டையைப் பிழிவது குதித்துமெட்டு. "தெய் ஹத் தெய் ஹி" என்று நுனிக்காலில் துள்ளிக் குதிகாலை இறக்குகிறோமே, அது அரைமண்டியில், முழங்கால் மடங்கிய நிலையில் நடக்கிறது. முழங்கால் மடங்கினால் மேல்சதை தளர்ந்துவிடும். அடியில் இருக்கும் தட்டைச் சதைதான் பாரத்தைத் தாங்கும். அடிச்சதை பெருத்தால் கால் பக்கவாட்டில் அகலமாகத் தெரியும், நுனிக்காலில் நின்றால் வருகிற உருண்டையாக இல்லை.

தவறு எங்கே நடக்கிறது என்றால், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் உடம்பு எழும்பி எழும்பி இறங்குவதில். அரைமண்டியின் உயரம் மாறவே கூடாது. கண்ணாடி முன் நின்று, தலை உச்சியின் மட்டத்தில் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, "தெய்யா தெய்" முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆடிப் பாருங்கள். தலை பொட்டைத் தாண்டித் தாண்டி வந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குதிகால் தூக்கும் பயிற்சியைச் சும்மா சேர்த்துச் செய்கிறீர்கள் என்று பொருள். வேகம் கூடிய மூன்றாம் காலத்தில் அது எத்தனை மடங்காகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, அரைமண்டியில் குதிகால் தரையைவிட்டு ஒரு நூல் எழும்பியிருப்பது. கணுக்கால் இறுக்கம்தான் காரணம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் 10 செ.மீ. பக்கம் இடைவெளி இருந்தும் தொட முடிந்தால் நல்லது. 5, 6 செ.மீ.யிலேயே குதி எழுந்தால், அரைமண்டி முழுக்கக் கெண்டையில்தான் நின்று ஆடுகிறீர்கள். கால் திருப்பம் இடுப்பிலிருந்து வரவேண்டும். பாதத்தை மட்டும் திருகினால் வளைவு அமுங்கி, கெண்டையின் உள்பக்கம் இழுக்கும்.

தரையையும் பாருங்கள். சிமென்ட், கிரானைட் தரையில் குதித்துமெட்டை நீட்டாதீர்கள். இறங்கும்போது விரல், முன்பாதம், குதி என்று சத்தமில்லாமல் இறங்கப் பழகுங்கள். தட்டடவில் சத்தம் வேண்டும், துள்ளி இறங்குவதில் வேண்டியதில்லை.

#11 | கொலுசு_27

சுவர் சோதனை: வலது 6, இடது 7. ஸ்டிக்கர் பொட்டு... கேட்காதீங்க. அப்போ ஸ்ட்ரெச் செய்தால் சதை நீளும்தானே?

#12 | தசைநாண்

ஸ்ட்ரெச் செய்தால் கணுக்கால் மடங்கும், அரைமண்டியில் குதி தரையில் நிற்கும். சதை மெலியாது. இன்னும் சொன்னால், ஜெர்மனியில் 2022இல் வந்த ஓர் ஆய்வில் தினம் ஒரு மணி நேரம், 6 வாரம், கெண்டையைக் கருவியால் இழுத்து வைத்திருந்தார்கள். சதையின் தடிமன் கூடியது! நாம் செய்கிற அரை நிமிஷ ஸ்ட்ரெச்சில் அப்படி ஏறாது, பயப்பட வேண்டாம். ஆனால் "நீட்டினால் மெலியும்" என்ற நம்பிக்கைக்கு அது நல்ல மருந்து.

செய்யும் முறை இரண்டு. ஒன்று மேல்சதைக்கு: சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் நேராக, குதி தரையில், விரல்கள் நேரே சுவரைப் பார்த்து. பாதம் வெளியே திரும்பினால் இழுவை வளைவுக்குப் போய்விடும். இரண்டு அடிச்சதைக்கு: அதே நிலையில் பின்காலைக் கொஞ்சம் முன்னே கொண்டு வந்து முழங்காலை மடக்குங்க, குதி எழக்கூடாது. உங்களுக்கு வேண்டியது முக்கியமாக இந்த இரண்டாவது. ஒவ்வொன்றும் 30 விநாடி, பக்கத்துக்கு 3 முறை, ஆட்டம் முடிந்த பிறகு. துள்ளித் துள்ளி இழுக்காதீங்க.

ஹீல்ஸ்: வருஷக்கணக்கில் போட்டால் சதைநார் குறுகும், நாண் விறைக்கும். அதற்காக நாளைக்கே தட்டைச் செருப்புக்கு மாறினால் குதிகால் நாண் வலிக்கும். 2 அங்குலத்திலிருந்து 1 அங்குலம், மூன்று வாரம் கழித்துத் தட்டை.

சாயங்காலம் 0.8 செ.மீ. கூடுகிறது என்றீர்களே, அது நீர். நாள் முழுக்க நிற்பவருக்கும் தொங்கவிட்ட காலோடு உட்கார்ந்திருப்பவருக்கும் வழக்கம்தான். மணிக்கு ஒரு தடவை கணுக்காலை 20, 30 முறை மேலும் கீழும் ஆட்டுங்க. வீட்டுக்கு வந்ததும் 15 நிமிஷம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்க.

#13 | வார்டு_நம்பர்_6

நீர் என்று வந்ததால் சில எச்சரிக்கை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் நீர். இரண்டு காலிலும் தினமும் விழுந்தால் இதயம், சிறுநீரகம், ஈரல், தைராய்டு என்று மருத்துவர் பார்க்கவேண்டும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே கால் வீக்கம் தரும். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம், சூடு, வலி என்றால் அன்றைக்கே மருத்துவமனை. முன்னெலும்பின் மேல்முனையில் இருக்கும் மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே அளந்து, மறுகாலைவிட 3 செ.மீ.க்கு மேல் கூடுதலாக இருப்பது ஆழ்சிரை ரத்தக்கட்டிக்கு மருத்துவர்கள் பார்க்கும் குறிகளில் ஒன்று. அந்தக் காலை எண்ணெய் போட்டு நீவாதீர்கள்.

இரண்டு காலும் சமமாகப் பருத்து, கணுக்காலில் வளையம் போட்டதுபோல் நின்று, பாதம் மட்டும் ஒல்லியாக இருந்தால், தொட்டால் வலித்து சீக்கிரம் கன்றிப்போனால், அது லிப்பிடிமா என்ற கொழுப்புத் திசு நோயாக இருக்கலாம். பெரும்பாலும் பெண்களுக்கு வருவது, பட்டினி கிடந்தாலும் அந்த இடம் சரியாகக் குறையாது. பாதமும் சேர்ந்து பருத்து, இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்பக்கத் தோலைக் கிள்ளவே முடியவில்லை என்றால் நிணநீர்த் தேக்கம். நம் ஊரில் அதற்கு யானைக்கால் பரிசோதனையும் செய்வார்கள்.

#14 | நெய்தல்

குறுக்கே ஒரு கேள்வி. அக்கா பையனுக்கு 5 வயது. கெண்டைக்கால் மட்டும் பயில்வான் மாதிரி திரண்டு கெட்டியாக இருக்கிறது. அடிக்கடி விழுகிறான், படி ஏறத் திணறுகிறான். எண்ணெய் நீவினால் சரியாகுமா?

#15 | வார்டு_நம்பர்_6

நீவுவதை விடுங்கள், இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். தரையில் உட்கார்ந்தவன் எழும்போது கையைத் தொடைமேல் ஊன்றி, தன் உடம்பின்மேலேயே ஏறுவதுபோல் எழுகிறானா என்று பாருங்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சிறுவர்களுக்கு வரும் டூஷென் தசைச்சிதைவில் கெண்டை இப்படிப் பெருத்திருக்கும், பலம் இருக்காது. சதை இருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடிப்பதால் வரும் பருமன் அது. முதல் பரிசோதனை ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவு. வேறு காரணமாகவும் இருக்கலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாத கேள்வி இது. பரிசோதனை முடியும்வரை ஓடு, குதி என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

#16 | சருமம்_சபை

ஊசி பற்றிய மூன்றாம் கேள்வி தொங்குகிறது. கொரிய மொழியில் இதை "மூதாரி" என்பார்கள், ஜப்பானியத்தில் "தைக்கோன் அஷி". இரண்டுக்கும் முள்ளங்கிக் கால் என்றுதான் பொருள். ஊருக்கு ஊர் காலைக் காய்கறியோடு ஒப்பிட்டுப் பெண்களை வாட்டுகிறார்கள்.

போடுவது போட்டுலினம் நச்சு, பெரும்பாலும் மேல்சதையின் உள்தலையில். பல புள்ளிகளில் பிரித்துப் போடுவார்கள். நரம்பிலிருந்து சதைக்கு வரும் கட்டளை தடைப்படும், சதை வேலையின்றி இளைக்கும். ஓரிரு வாரத்தில் தளரும், வடிவம் குறைய ஒன்றிரண்டு மாதம் ஆகும், சுமார் ஆறு மாதத்தில் திரும்பிவிடும், மறுபடி போடவேண்டும். முகச்சுருக்கத்துக்குப் போடுவதைப்போலப் பல மடங்கு மருந்து தேவை, செலவும் அப்படியே. ஒரு நிறுவன மருந்தின் யூனிட் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டுக்குச் சமம் இல்லை. "100 யூனிட்" என்று மட்டும் சொன்னால் எந்த மருந்து என்று கேளுங்கள், குப்பியைக் காட்டச் சொல்லுங்கள்.

கிள்ளினால் 22 மி.மீ. வருகிற காலுக்கு இது வீண். ஊசி கொழுப்பைத் தொடாது. துள்ளுகிற, ஓடுகிற காலுக்குப் பலம் குறையும். மேல்சதை ஓய்ந்தால் அடிச்சதை கூடுதல் வேலை செய்யும், வடிவம் கோணலாகவும் ஆகலாம். கர்ப்பிணிகளுக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை சதைக்குச் சரியாகப் போகாத நோய்) உள்ளவர்களுக்கும் கூடாது. சதைக்குப் போகும் நரம்புக் கிளையை வெட்டும் அறுவையும் உண்டு. அதில் திரும்பி வரும் வழி கிடையாது.

#17 | தசைநாண்

ஒரு பின்குறிப்பு, கெண்டையை இளைக்க வைக்கத் துடிக்கும் எல்லோருக்கும். ஒற்றைக் காலில் நின்று, முழங்கால் மடங்காமல், குதிகாலை முழு உயரத்துக்கு 20–25 முறை தூக்க முடியணும். அதைவிடக் குறைந்தால் பருமனைவிட பலம்தான் பிரச்சினை. ஆசிய சார்கோபீனியா (வயதால் சதை குறையும் நிலை) பணிக்குழு 2019இல் தந்த வரையறையில் கெண்டைக்கால் சுற்றளவு பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் கீழே போனால் சதைக்குறைவைச் சந்தேகிக்கச் சொல்கிறார்கள். வயதானவர்களுக்குச் சொன்னதுதான், ஆனாலும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

#18 | கொலுசு_27

சரி. ஸ்கிப்பிங் நிறுத்தம், பொட்டு பார்த்து ஆட்டம், மடக்கு ஸ்ட்ரெச், சாப்பாட்டில் 400 கலோரி குறைவு. வாரம் ஒரு முறை, ஞாயிறு காலை அளவு. அதுவரை சுடிதார் பேன்ட்டுக்கு என்ன வழி? கெண்டையில் ஏறவே மாட்டேங்குது.

#19 | கத்தரி_கடை

ரெடிமேட்ல இடுப்பு சைஸ் பாத்து வாங்குனா கெண்டை பிடிக்கத்தான் செய்யும். துணி எடுத்துத் தைங்க. சுடிதார் பேன்ட்டைக் குறுக்கு வாட்டத்துல வெட்டணும். நேர் வாட்டத்துல வெட்டுனா துணி இழுவை கொடுக்காது, துணியை மிச்சம் பிடிக்க சில கடையில அப்படித்தான் வெட்டுறாங்க. கெண்டை சுற்றளவைக் காலை மடக்கி உட்கார்ந்தும் ஒரு தடவை எடுக்கணும், ரெண்டுல பெருசுக்கு மேல ஒன்றரை அங்குலம் தளர்வு. கணுக்கால் ஓரத்துல ஒரு சாண் திறப்பு விட்டு ஹூக் வச்சா போட கழட்ட சுலபம்.

அப்புறம், இங்க எல்லாரும் காலையில அளக்கச் சொல்றாங்க. தையலுக்கு மட்டும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து அளவு கொடுங்க. அந்த 39.8க்குத்தான் பேன்ட் ஏறணும்.